படலையடியில் தேங்கும் பேப்பர்

கனடாவிலிருந்து வரும் பொதியில் சொக்லேற்றுக்குப் பக்கத்தில் ஒரு விற்றமின் போத்தலும் இருப்பது யாழ்ப்பாணத்தில் வழமை. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகளிலிருந்து (மைற்றோகொண்ட்ரியா) கசியும், எதனோடும் சட்டென்று வினைபுரியும் ஒட்சிசன் மூலிகங்களை அணைத்தால் முதுமை தள்ளிப்போகும் என்பது அந்தப் போத்தலின் கணக்கு. ஆனால் அந்தக் கசிவு வெறும் கழிவல்ல, தகவலும்கூட.

2009 இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில் இளைஞர்கள் 4 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் எடுத்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை கூடியதோ குளிசை போடாதவர்களுக்குத்தான். மூலிகங்கள் கொண்டுபோகவேண்டிய செய்தி வழியிலேயே அழிந்துவிட்டது. இழைமணிக்குள் போய்ச் சேரும்படி செய்த மைற்றோகியூ என்ற மூலிகம் அணைக்கும் மருந்தும் கைகொடுக்கவில்லை: 128 பார்கின்சன் நோயாளரிடம் 12 மாதம் சோதித்தும் நோயின் போக்கு மாறவில்லை.

அணைப்பதைவிடப் பழுதான இழைமணியை அகற்றுவது நல்ல இலக்கு. கலம் அதைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது.

இழைமணியின் உள்மென்சவ்வுக்குக் குறுக்கே ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ற் அழுத்தம் உண்டு. பிங்க்1 என்ற புரதத்தை உள்ளே இழுப்பது அதுதான். உள்ளே போனதும் ஒரு நொதியம் வெட்டிவிட, துண்டு அழிந்துபோகும். அழுத்தம் விழுந்தால் பிங்க்1 உள்ளே போகாமல் வெளிமென்சவ்விலேயே தேங்கும். படலையடியில் இரண்டு நாள் பேப்பர் எடுபடாமல் கிடந்தால் அயலட்டை எட்டிப் பார்க்கும் அல்லவா, அதே கதைதான். தேங்கிய பிங்க்1, யுபிகுயிற்றின் என்ற சிறுபுரதத்தின் 65ஆவது அமினோ அமிலத்தில் பொஸ்பேற்றை ஏற்றும். அதைக் கண்டு பார்க்கின் என்ற நொதியம் வரும். மேலும் மேலும் யுபிகுயிற்றினை இழைமணியின்மேல் சீட்டுப்போல ஒட்டும். அந்தச் சீட்டு விழுந்த இழைமணியை ஒரு மென்சவ்வுப் பை சுற்றிவளைத்து, கலத்தின் கழிவைச் செரிக்கும் இலைசோசோமிடம் ஒப்படைக்கும். பார்க்கின் பரம்பரையலகு 1998 இலும், பிங்க்1 உடையது 2004 இலும் இளவயதுப் பார்கின்சனோடு தொடர்புபடுத்தப்பட்டன.

அழுத்தத்தை மருந்தால் இறக்கி இந்த எச்சரிக்கையை எழுப்பலாமே என்றால், 1930களில் மெலிவதற்காக விழுங்கிய டைநைத்திரோபீனோல் செய்தது அதைத்தான். நல்ல இழைமணி, கெட்ட இழைமணி என்ற பாகுபாடில்லாமல் அழுத்தம் விழுந்தது. சக்தியெல்லாம் வெப்பமாகி, காய்ச்சல் ஏறி ஆட்கள் இறந்தார்கள்.

இன்று குறிவைக்கப்படுவது யூஎஸ்பி30 என்ற நொதியம். பார்க்கின் ஒட்டிய சீட்டைக் கழற்றுவது அதன் வேலை. அதைத் தடுத்தால் சீட்டு நிற்கும், அகற்றல் விரைவாகும். சீட்டு விழாத நல்ல இழைமணிகளுக்குப் பெரிய தொந்தரவு இராது. சிக்கல் வேறிடத்தில்: பார்க்கினே முற்றாகப் பழுதான நோயாளியிடம் அது ஒட்டிய சீட்டே இராது.