300 டிகிரி தாங்கும் ஃபிலிம் என்றால் என்ன கேட்க வேண்டும்?

“இந்த ஃபிலிம் 300 டிகிரி வரைக்கும் தாங்கும் சார்.” இன்வெர்ட்டர் வடிவமைப்பில் இருக்கும் என்னிடம், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரை விற்க வருபவர்கள், அதற்குள் சுருட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை (ஃபிலிம்) பற்றி அடிக்கடி சொல்வது இது. புதிதாக வேலைக்குச் சேரும் இன்ஜினியர்களும் உருகுநிலையைப் பார்த்துவிட்டு இதையேதான் சொல்கிறார்கள். எதைத் தாங்கும் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். சூட்டில் உருகாமல் கிடப்பது வேறு. அதே சூட்டில், இருபுறமும் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்போது மின்னூட்டத்தைக் கசியவிடாமல் பிடித்து வைப்பது வேறு. கெப்பாசிட்டருக்கு வேண்டியது இரண்டாவது.

இன்று ஃபிலிம் கெப்பாசிட்டர்களில் பெரும்பாலும் இருப்பது, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து மெலிதாக்கிய பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வாகன இன்வெர்ட்டர்களில் இதன் தடிமன் 3 மைக்ரான் அளவுக்குக்கூட இறங்கிவிட்டது. இழப்பு மிகமிகக் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். உருகுநிலை சுமார் 165 டிகிரி. ஆனாலும் முழு வோல்டேஜில் 85 டிகிரி வரைதான் நம்பி ஓட்டலாம். 105 டிகிரி வரை போக வேண்டுமென்றால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். உருகுவதற்கு இன்னும் 60 டிகிரி மிச்சம் இருக்கும்போதே படலம் கைவிட்டுவிடுகிறது.

காரணம் இதுதான். படலத்தின் மேல் பூசிய உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெப்பம் ஏற ஏற அந்த நுழைவு பல மடங்காகப் பெருகும். கசியும் மின்னோட்டம் படலத்தைச் சூடாக்கும், அந்தச் சூடு கசிவை இன்னும் கூட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை நிறுத்த முடியாது, படலத்தில் ஓட்டை விழும்.

கலப்பின (ஹைப்ரிட்) கார்களில் எஞ்சினுக்கு ஒரு குளிர்நீர்ச் சுற்று, இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குளிர்ந்த தனிச் சுற்று என்று வைத்ததற்குக் கெப்பாசிட்டரின் இந்தப் பலவீனமும் ஒரு காரணம். இப்போது இன்வெர்ட்டரில் சுவிட்சாக இருக்கும் சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டர்கள் 175 டிகிரியில் வேலை செய்கின்றன. பக்கத்திலேயே உட்கார வேண்டிய கெப்பாசிட்டர் 105-லேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கை எடுத்துச் சுருட்டிவிடலாமே என்று தோன்றும். காப்டன் என்ற பெயரில் நமக்குத் தெரிந்த பாலிஇமைடு 1960-களிலிருந்தே இருக்கிறது. 300 டிகிரியிலும் அதன் வடிவம் குலையாது. ஆனால் 150 டிகிரியில் வலுவான மின்புலம் (படலத்தின் தடிமனுக்கு எத்தனை வோல்ட் என்ற அளவு) கொடுத்துப் பாருங்கள்: ஏற்றிய ஆற்றலில் கணிசமான பங்கு திரும்பி வராது, கசிந்து வெப்பமாகிவிடும். விற்பவர் சொல்லும் 300 டிகிரி பொய்யில்லை. நமக்கு வேண்டிய எண் அது இல்லை, அவ்வளவுதான்.

வெவ்வேறு துகள் கலந்த பாலிமர் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்குக் கூட்டுப் படலங்கள் கைவைப்பது இந்த இடத்தில்தான். தேக்கும் ஆற்றல் மின்புலத்தின் இருமடிப்படி உயரும். புலத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான் துகளைக் கலந்தால் அதே புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கும் திறன் கூடும், ஆனால் படலம் தாங்கும் புலம் குறையும். ஒரே அடுக்குக்குள் இரண்டையும் கேட்டால் இழுபறிதான். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிங் வாங் குழுவினர் 2015-இல் குறுக்குப்பிணைப்புள்ள (மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்த) பாலிமரில் போரான் நைட்ரைடு நுண்தகடுகளைக் கலந்து, 250 டிகிரியில் கன சென்டிமீட்டருக்கு 1.8 ஜூல் திரும்பப் பெற்றார்கள். 2016-இல் அதே பாலிமரில் மூன்றடுக்குப் படலம் செய்தார்கள். நடுவில் பேரியம் டைட்டனேட், மேலும் கீழும் போரான் நைட்ரைடு. வெளியடுக்குகள் எலக்ட்ரான்களை வாசலிலேயே மறிக்கின்றன, நடு அடுக்கு ஆற்றலைத் தேக்குகிறது. போரான் நைட்ரைடு நல்ல மின்காப்பாகவும் இருக்கும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். என் பார்வையில் இந்தத் துறையில் சரியான திசை இதுதான்.

ஆனாலும் ஆய்வுக்கூட எண்ணைப் படிக்கும்போது ஆற்றல் அடர்த்தியை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. நான் முதலில் தேடுவது செயல்திறன், அதாவது ஏற்றிய ஆற்றலில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பது. 90 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். கன சென்டிமீட்டருக்கு 1 ஜூல், வினாடிக்கு 1000 முறை முழுக்க ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். பத்து சதவீத இழப்பென்றால் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 100 வாட் வெப்பம். சர்க்கரைக் கட்டி அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள் ஒரு பழைய குண்டு பல்பு எரிவது போல. இன்வெர்ட்டரில் கெப்பாசிட்டர் முழுக்க ஏறி இறங்காது, வோல்டேஜில் சிறு ஏற்ற இறக்கம் (சிற்றலை) மட்டும்தான் என்பது உண்மை. இருந்தாலும் இழப்பு எவ்வளவு ஆபத்து என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

அடுத்தது பரப்பு. ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியை. ஆலையில் சுருட்டுவதோ கிலோமீட்டர் கணக்கில். அவ்வளவு நீளத்தில் ஒரு தூசி, திரண்டு போன ஒரு துகள் போதும், பலவீனமான இடம் அமைந்துவிடும்.

மூன்றாவது, தானே ஆறும் குணம். பாலிப்ரோப்பிலீனில் சிறு ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் பழுதான இடம் தனிமைப்பட்டுவிடும். கெப்பாசிட்டர் கொஞ்சம் மதிப்பிழந்து தொடர்ந்து ஓடும். கார்பன் வளையங்கள் நிறைந்த வெப்பத் தாங்கு பாலிமர்களோ எரிந்த இடத்தில் கரியை விட்டுவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பழுது ஆறாமல் ஷார்ட் ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பற்றிப் போதிய பேச்சில்லை என்பது என் வருத்தம்.

எனவே “ஹை டெம்பரேச்சர்” என்று ஒட்டிய லேபிளோடு வருபவரிடம் கேளுங்கள்: எத்தனை டிகிரியில், எத்தனை வோல்டில், எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்? முடிவில் கசிவும் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டம் தேக்கும் அளவு) எவ்வளவு மாறின? பதில் தாளில் எழுத்தாக வர வேண்டும்.

வீட்டுக்காரர்களும் இதைப் பார்க்கலாம். ஏசி அவுட்டோர் யூனிட், தண்ணீர் மோட்டார் கெப்பாசிட்டரின் உடலில் 25/70/21 அல்லது 25/85/21 என்று அச்சிட்டிருக்கும். நடுவில் உள்ளது அந்தப் பொருளுக்கு அனுமதித்த உச்ச வெப்பநிலை. மொட்டைமாடி வெயிலில் நிற்கும் யூனிட்டுக்கு 70 போட்டதை வாங்காதீர்கள், 85 கேளுங்கள். மைக்ரோஃபாரட் அளவு பழையதுக்குச் சமமாகவும், வோல்ட் அளவு பழையதைவிடக் குறையாமலும் இருக்கட்டும். மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினை அணைத்த பிறகும் அதற்குள் மின்னூட்டம் இருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிய பிறகுதான் முனையைத் தொட வேண்டும்.