வட்டி ஹராம் என்பதற்காகக் கடனை ஏன் மறைக்க வேண்டும்?

ஜனாஸா தொழுகை தொடங்குவதற்கு முன், இறந்தவரின் மகனோ சகோதரனோ முன்னால் வந்து நின்று, "மௌத்தானவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பது எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம். இதன் வேர் ஹதீஸில் இருக்கிறது. மூன்று தீனார் கடனோடு இறந்துபோன ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. "அந்தக் கடனை நான் ஏற்கிறேன்" என்று அபூ கதாதா (ரலி) சொன்ன பிறகே தொழுகை நடத்தினார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது.

அறிவிப்புக்குப் பிறகு நடப்பதைத்தான் ஒரு வழக்கறிஞராக நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஒருவர் புரோநோட்டுடன் (கடன் உறுதிப் பத்திரம்) வருவார். இன்னொருவர் நகைக்கடைச் சீட்டோடு வருவார். மூன்றாமவர் கையில் எந்தத் தாளும் இல்லாமல், "வாப்பாவும் நானும் பேசிக்கொண்டது, அல்லாஹ் சாட்சி" என்பார். மனைவிக்கு எதுவும் தெரிந்திருக்காது. மூத்த மகனுக்குப் பாதி தெரிந்திருக்கும். இத்தா (கணவரை இழந்த மனைவி காத்திருக்கும் காலம்) முடிவதற்குள் அந்தக் குடும்பம் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களோடு என் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது.

அவர்களிடம் முதலில் சொல்வது இதுதான். வாரிசுகள் தாங்கள் அடைந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே, அவரவர் பங்கின் விகிதப்படி, இறந்தவரின் கடனுக்குப் பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வாப்பாவின் கடனை அடைக்க மகன் விரும்பினால் அது பெரிய நற்செயல். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. துக்க வீட்டில் வைத்தே, "உங்கள் பெயரில் புதிதாக ஒரு பத்திரம் எழுதித் தாருங்கள்" என்று சிலர் கேட்பார்கள். அங்கே கையெழுத்துப் போட வேண்டாம். போட்ட நிமிடத்தில் இறந்தவரின் கடன் உங்கள் சொந்தக் கடனாகிவிடும்.

வட்டியை மார்க்கம் தடுத்திருப்பதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் நாளடைவில் அந்தத் தடை, கடனைப் பற்றிப் பேசுவதற்கே தடையாக நம்மிடம் மாறிவிட்டது. வட்டிக்கு வாங்கியது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயத்தில் கணவர் மனைவியிடம் மறைக்கிறார், மனைவி கணவரிடம் மறைக்கிறார், இருவரும் பள்ளிவாசல் ஜமாஅத்திடம் மறைக்கிறார்கள். கடன் வாங்குவதே பாவம் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. முப்பது ஸாஉ (ஒரு முகத்தல் அளவை) வாற்கோதுமைக்காகத் தமது கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்த நிலையில்தான் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானார்கள் (மறைந்தார்கள்). அது ஊரறிந்த அடகு. குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 முழுக்கக் கடனைப் பற்றியதுதான்: தவணையைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிக்காதீர்கள். நம் ஊரிலோ மச்சானிடம் எழுத்து கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று உறவே முறிகிறது.

மறைப்பதால் வரும் சேதத்தில் நான் அதிகம் பார்ப்பது கூட்டி எழுதிய புரோநோட்டு. வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே மஹல்லாக்காரர்கள், அதாவது ஒரே பள்ளிவாசல் பகுதியைச் சேர்ந்தவர்கள். பத்திரத்தில் வட்டி என்று எழுத இருவருக்கும் கூச்சம். அதனால் கையில் 80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, தாளில் ஒரு லட்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள். 'வட்டி இல்லை' என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். தவணை தவறியதும் வழக்கு வருகிறது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், அதில் கண்ட தொகை முழுவதும் உங்கள் கைக்கு வந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில். 20,000 குறைவாக வாங்கியதற்குச் சாட்சி யார்? தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்த கொடுக்கல் வாங்கல் அது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. பத்திரத்தில் வட்டி விகிதமே எழுதப்படவில்லை என்றால், ஆண்டுக்கு 18 சதவீதம் என்று கணக்கிட 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வழி செய்கிறது. வட்டி என்று எழுதாமல் தப்பியதாக நினைத்தவர் மறைந்த வட்டியையும் கொடுத்து, அதன்மேல் சட்ட வட்டியையும் கொடுக்கிறார்.

இதைவிட ஆபத்து, தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வெற்றுப் பத்திரமும் வெற்றுக் காசோலையும். முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட பத்திரத்தைக் கொடுத்துவிட்டால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. காசோலை திரும்பி வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளையும் பலர் அறிவிப்பை அலமாரியில் ஒளித்துவைத்தே கழித்துவிடுகிறார்கள். உங்களுக்குக் கடனே இல்லை, வெற்றுக் காசோலை தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்றால், அதைச் சொல்ல வேண்டிய முதல் இடம் அந்த அறிவிப்புக்கான பதில்தான்.

அடுத்து, பெண்களின் குழுக் கடன். இதைப் பற்றி மிம்பரில் (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையில்) கண்டித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "பெண்கள் வட்டிக் குழுக்களில் சேர்கிறார்கள், வீட்டில் பரக்கத் எப்படி இருக்கும்?" என்ற அளவில் பயான் முடிந்துவிடும். அந்தப் பெண் ஏன் சேர்ந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்: கணவர் வளைகுடாவில் இருக்கிறார், சம்பளம் சில மாதங்களாக வரவில்லை. மாமியாருக்கு அறுவை சிகிச்சை. உறவினரிடம் கேட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். குழுவில் கேட்டால் ஆதார் அட்டையோடு முடிந்துவிடும். முதல் குழுவின் தவணைக்கு இரண்டாவது குழு, அதற்கு மூன்றாவது. அவர் என்னிடம் வந்தபோது, "வக்கீலம்மா, கடனைவிட இவருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் தூங்கவிடவில்லை" என்றார். தவணை கேட்டு வருபவர் வாசலில் உட்கார்ந்தால் அக்கம்பக்கம் பார்க்கும் என்பதற்காகவே அவர் கையில் இருந்த வளையலையும் விற்றிருந்தார். மானபயம்தான் வசூலிப்பவரின் பிடி. அந்தப் பிடியைக் கொடுத்தவர்கள் நாம்.

அந்தச் சகோதரிக்குத் தெரியாமல் இருந்த விதிகள் சில உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இத்தகைய குழுக் கடன் போன்ற நுண்கடனுக்குப் பிணைப்பொருள் கேட்கக் கூடாது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கவோ வரவோ கூடாது. மிரட்டல், தகாத வார்த்தை, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது எல்லாம் தடை செய்யப்பட்டவை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனியாரின் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்றால் 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் அதன் பெயரைச் சொல்லியே புகார் கொடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100. மனம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும்படி நான் சந்திக்கும் ஒவ்வொரு நிர்வாகியிடமும் கேட்டுவருகிறேன்.

வீட்டுக்குள்ளேயே கடன் இருக்கிறது என்பதை ஆண்கள் மறந்துவிடுகிறார்கள். மனைவியின் நகை மனைவியின் சொத்து. விசாவுக்காக அதை வாங்கி அடகு வைத்துவிட்டுப் போன கணவர், அதை மீட்டுத் தரும் வரை மனைவியின் கடனாளி. கொடுக்காத மஹரும் (கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) அப்படியே. சட்டமும் மஹரைக் கடனாகத்தான் பார்க்கிறது. கணவர் இறந்தால் வாரிசுப் பங்கீட்டுக்கு முன் மற்றக் கடன்களோடு அதையும் தீர்க்க வேண்டும். குர்ஆனின் 4:11, 4:12 வசனங்களும் மரண சாசனத்தையும் கடனையும் தீர்த்த பிறகே பங்கு என்கின்றன. ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) 'மஹர் பின்னர் தரப்படும்' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் 'பின்னர்' எந்தத் தேதி என்று கேட்டு எழுதுங்கள் என்று சொல்கிறேன். கைக்கூலியைப் (வரதட்சணையைப்) பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக வாங்கிய கடனைப் பெண்ணின் வாப்பா எத்தனை ஆண்டு அடைக்கிறார் என்பதும் தெரியும்.

வட்டியை அஞ்சும் மனதைக் குறிவைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். 'ஹலால் முதலீடு', 'லாபத்தில் பங்கு' என்ற பெயரில் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது சேமிப்பை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினர். தொழிலில் பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. மாதம் தவறாமல் ஒரே அளவில் வரும் 'லாபம்' எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தொப்பியையும் தாடியையும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். வைப்புத்தொகை வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் வட்டியில்லாமல் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. வட்டியில்லா வங்கிச் சேவையை ரகுராம் ராஜன் குழு 2008ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. ஆகவே இந்தப் பொறுப்பு மஹல்லாவின் கையில்தான் இருக்கிறது. நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் தரும் பைத்துல்மால்கள் (ஜமாஅத்தின் பொதுநிதிகள்) தமிழகத்தில் பல ஊர்களில் நன்றாக நடக்கின்றன. அவை நிலைப்பது இரக்கத்தால் மட்டுமல்ல, கணக்கால்: ரசீது, நகையின் எடை, தவணைத் தேதி, ஆண்டுத் தணிக்கை. இல்லாத ஊர்களில் சிறிய தொகையோடு தொடங்கலாம். கேட்டு வருபவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால், பணம் இருந்தாலும் மக்கள் குழுக் கடனுக்குத்தான் போவார்கள்.

ஜகாத் பெற உரியவர்களாக 9:60 வசனம் சொல்லும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. நம்மில் பலர் ரமலானில் வாசலுக்கு வருபவர்களுக்கெல்லாம் சில நோட்டுகளாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். அதில் ஒரு பகுதியையாவது ஜமாஅத் சேர்த்துவைத்து, ஆண்டுக்குச் சில குடும்பங்களின் கடனை முழுதாக முடித்துவைத்தால் அந்தக் குடும்பம் அடுத்த ரமலானில் கை நீட்ட வேண்டியிருக்காது. எந்தக் கடனுக்கு ஜகாத் கூடும், என்ன நிபந்தனை என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறை அல்ல.

கடன் கொடுத்தவர்களுக்கும் சில வார்த்தைகள். கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள் என்கிறது 2:280. அவகாசம் கொடுக்க மனமிருந்தும் பலர் தயங்குவது, காத்திருந்தால் வழக்குப் போடும் உரிமை போய்விடும் என்ற அச்சத்தால்தான். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு: கைமாற்றுக்கும் புரோநோட்டுக்கும் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள், "இவ்வளவு தொகை தர வேண்டியுள்ளது" என்று கடனாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 18ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும். வட்டி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, நீதிமன்றத்துக்கும் போக வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாள், தொகை, இருவர் பெயர், இரண்டு சாட்சிகள், கடனாளியின் கையெழுத்து, தேதி. ஒரு நகல் அவரிடம், ஒரு நகல் உங்களிடம். எழுதியதை இருவர் வீட்டாருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.