ஒன்றரை ஏக்கர் நிலமும் பழைய ஓட்டு வீடும்: சீரமைக்க எந்தத் திட்டத்தில் பணம் வரும், எதில் வராது

வருத்தமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சொந்தச் செலவில் கட்டிய ஓட்டு வீட்டையோ கான்கிரீட் வீட்டையோ பழுது பார்ப்பதற்கு, ஊரகப் பகுதியில் நடக்கிற பெரிய வீட்டு வசதித் திட்டங்கள் எதிலும் மானியம் கிடையாது. "கவர்ன்மெண்டில் மூன்றரை லட்சம் தருகிறார்களாம்" என்ற பேச்சை நம்பி, வரப்போகாத பணத்துக்கு முன்கூட்டியே கடன் வாங்கி ஓட்டைப் பிரித்துவிட்டு மழைக்காலத்தில் தவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அதனால், செலவுக் கணக்கு எழுதும் முன் எந்தத் திட்டம் யாருக்கு என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

அந்த மூன்றரை லட்சம் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வருவது. 2030-க்குள் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசையே இல்லாமல் ஆக்குவது என்ற இலக்கோடு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். குடிசையில் குடியிருப்பவருக்குத்தான் இது. உங்கள் வீடு சாய்ந்து கிடக்கிற பழைய ஓட்டு வீடாக இருந்தாலும், ஓடு போட்டிருந்தால் அது குடிசைக் கணக்கில் வராது. வீடு கட்டும் இடத்துக்குப் பட்டாவும் வேண்டும். சமையலறையையும் சேர்த்துக் குறைந்தது 360 சதுர அடி கட்ட வேண்டும். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்.

3.50 லட்சம் ரூபாயும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. 3.10 லட்சம் மாநில அரசின் வீட்டுப் பணம். மீதி சுமார் 40,000 ரூபாய், ஊரக வேலைத் திட்டத்தில் (நூறு நாள் வேலை) 90 நாள் கூலியாகவும், தூய்மை பாரத இயக்கத்தின் கழிப்பறைத் தொகை 12,000 ரூபாயாகவும் சேர்வது. கூலிப் பங்கு வர வேண்டுமென்றால் வேலை அட்டை வேண்டும், வருகைப் பதிவும் வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கில் அந்த அளவுக்குத் துண்டு விழும்.

இனி விலையைப் பாருங்கள். கொத்தனார் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 360 சதுர அடிக்கு 7.20 லட்சம். அரசு தருவது 3.50 லட்சம் போனால் 3.70 லட்சம் உங்கள் பொறுப்பு. சிக்கனமாக, மேற்பூச்சையும் டைல்ஸையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த இடைவெளி குறையும். அப்படியும் முழுதாக மறையாது. வேலை ஆணை கையில் வந்த மகிழ்ச்சியில் 360-ஐ 600 சதுர அடியாக்கி அஸ்திவாரம் தோண்டுவதுதான் பெரிய ஆபத்து. மானியம் அதிகமாகாது, கடன் மட்டும் கூடும். பல ஊர்களில் லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு உயரத்தோடு, நின்றுபோன வீடுகளுக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பணம் வேலைக்குப் பின்னால்தான் வரும். ஒரு கட்டம் முடிய வேண்டும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் அந்தத் தவணை வங்கிக் கணக்கில் ஏறும். சிமெண்டும் கம்பியும் துறை வழியாக எடுத்திருந்தால் அதற்கான தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். ஆகவே அடித்தளம் வரைக்கும் ஆகிற செலவு முழுவதும் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

மத்திய அரசின் பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டத்தில் சிறு விவசாயிகள் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. 2016-இல் தொடங்கிய இதற்குச் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், மலைப் பகுதியில் 1.30 லட்சம். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் தருகின்றன. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தனியாகவும் பணம் சேர்க்கிறது. 2024-இல் மேலும் 2 கோடி வீடுகளுக்கு 2028-29 வரை நீட்டித்தபோது, விலக்கு விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பைக் இருந்தால், ஃப்ரிட்ஜ் இருந்தால் பெயர் அடிபடும் என்ற பழைய விதி போய்விட்டது. குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்றிருந்த வரம்பு 15,000 ஆனது. நிலத்துக்கான விதி இன்னும் இருக்கிறது. பாசன வசதியுள்ள நிலம் இரண்டரை ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தாலும், மானாவாரி நிலம் ஐந்து ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தாலும் தகுதி இல்லை. டிராக்டர் போன்ற இயந்திரம் இருந்தாலும் இல்லை.

ஒன்றரை ஏக்கர்காரர் இதைப் படித்துவிட்டு நிம்மதியடையலாம். ஆனால் அடுத்த வரி அவருக்கானது: 50,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வரம்புள்ள கிசான் கடன் அட்டை இருந்தாலும் தகுதி போய்விடும். இந்த வரம்பு எவ்வளவு எளிதில் தாண்டிவிடும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏக்கருக்குப் பயிர்க்கடன் அளவு 40,000 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை ஏக்கருக்கு 60,000. அதன்மேல் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதம், 6,000. பண்ணைச் சொத்துகளைப் பராமரிக்க 20 சதவீதம், 12,000. ஆக மொத்தம் 78,000. நாற்பது சென்ட் குறைவாக வைத்திருப்பவர்கூட 50,000-ஐத் தாண்டிவிடுவார். ஒழுங்காக வங்கியில் போய்ப் பயிர்க்கடன் வாங்குகிறவரை வசதியானவர் என்று கணக்கிடுவது நியாயமே இல்லை. கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு இந்தத் தடை கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த விதியை மாற்றச் சொல்லி விவசாயிகள் அமைப்புகள் கேட்க வேண்டும். அதற்காக யாரும் கடன் அட்டையை ரத்து செய்துவிட வேண்டாம். குறித்த தேதிக்குள் கட்டினால் 4 சதவீத வட்டிக்குக் கிடைக்கிற பணத்தை இழந்துவிடக் கூடாது.

அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பயிர்க்கடனிலிருந்து வீட்டுக்கென்று எடுக்க இடம் கொடுத்திருப்பது அந்த 6,000-க்குள்தான். உடைந்த ஓட்டை மாற்றவும் ஒழுகுகிற மூலையைப் பூசவும் அது போதும். 20 சதவீதம் என்பது மோட்டார், பைப்லைன், கருவிகளுக்கு, வீட்டுக்கு அல்ல. பயிர்க்கடனை வீட்டில் போட்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு உரம் வாங்க வெளியே கை நீட்ட வேண்டியிருக்கும். தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போகும்.

பழுது பார்க்கவே பணம் கிடைக்கிற ஒரு வழி தொகுப்பு வீடுகளுக்கு உண்டு. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டித் தந்த வீடுகளில் 2.50 லட்சம் வீடுகளை இரண்டு ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாக 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டம் என்பது இதுதான். கூரை ஓடா கான்கிரீட்டா, பழுது சிறியதா பெரியதா என்பதைப் பார்த்துத் தொகையை முடிவு செய்கிறார்கள். பழுது பார்க்கவே முடியாத நிலையில் இருந்தால் புதிதாகக் கட்டித் தர, 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ஒதுக்கினார்கள், அதாவது வீட்டுக்கு 2.40 லட்சம். தாத்தா பெயரில் வந்த தொகுப்பு வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கழிப்பறைக்கு வருவோம். இங்கே சிறு, குறு விவசாயி என்பதே தகுதி. தூய்மை பாரத இயக்கத்தில் 12,000 ரூபாய் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருந்தாலும் சிறு, குறு விவசாயிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வீட்டுமனை மட்டும் உள்ள நிலமற்ற தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையிலான குடும்பங்கள் ஆகியோருக்கு உண்டு. இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. ஒரு ஹெக்டேருக்குள் குறு விவசாயி. தாசில்தார் தருகிற சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சொட்டு நீர்ப் பாசன மானியத்துக்கும் அது தேவைப்படும். ஏற்கெனவே ஒருமுறை கழிப்பறைப் பணம் வாங்கிய குடும்பத்துக்கு மறுபடி கிடைக்காது. தோட்டத்து வீடு என்றால் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளிக் குழி எடுங்கள். இரட்டைக் குழி நல்லது; ஒன்று நிறைந்தால் மற்றதற்கு மாற்றிவிட்டு, மட்கியதை வயலுக்கே எடுத்துக்கொள்ளலாம்.

மாட்டுக்கொட்டகையை வீட்டுச் செலவில் சேர்த்து எழுதுகிற வழக்கத்தை விடுங்கள். சிறு, குறு விவசாயி நிலத்தில் மாட்டுக்கொட்டகை, ஆட்டுக்கொட்டகை அமைப்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர் பணியாக இருந்துவருகிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், எந்தப் பணிகள் இப்போது பட்டியலில் உள்ளன என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு மனு கொடுங்கள்.

சரி, குடிசையும் இல்லை, தொகுப்பு வீடும் இல்லை, மானியத்துக்கு வழியே இல்லை என்பவர்கள் என்ன செய்வது? கடன்தான். என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது மகளிர் குழுக் கடன். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் குழுவுக்கு வங்கி தருகிற கடனை உறுப்பினர்கள் வீடு கட்டவும் பழுது பார்க்கவும் கழிப்பறை கட்டவும் அதிக வட்டிக் கடனை அடைக்கவும் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே சொல்கிறது. குழுக் கடன் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. "தொழில் செய்யத்தான் தருவோம், வீட்டுக்குத் தர மாட்டோம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தொழிலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கச் சொல்வது 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களில்தான். 2 லட்சத்துக்கு மேல் என்றால் பாதியாவது, 4 லட்சத்துக்கு மேல் என்றால் 75 சதவீதமாவது, 6 லட்சத்துக்கு மேல் என்றால் 85 சதவீதமாவது தொழிலுக்கு என்பதே விதி.

நகைக்கடன் கடைசியாக இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி 2.50 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஒரே தவணையில் அசலும் வட்டியும் கட்டுகிற வகை என்றால் 12 மாதத்துக்குள் திருப்பியாக வேண்டும், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அந்தக் கெடு மாறாது.

காகிதம் இல்லாமல் எதுவும் நடக்காது. தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் பட்டா இறந்துபோன அப்பா பெயரிலோ, அண்ணன் தம்பிகளோடு கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும். வாரிசுச் சான்று, பாகப் பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு செய்து தனிப் பட்டா என்று இது மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டு வேலைக்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள். பூச்சு, வெள்ளையடிப்பு, தரை மாற்றுவது, அதே உயரத்தில் ஓடு மாற்றுவது போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. புதிய அறை சேர்த்தால் வேண்டும். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியிலேயே உடனே அனுமதி பெறலாம். இலவச மின்சாரம் வருகிற பம்புசெட் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு வேலை செய்யாதீர்கள். அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும், பிடிபட்டால் வருகிற அபராதம் ஓட்டுச் செலவைவிட அதிகமாக இருக்கும்.

வேலையை எப்படி அடுக்குவது? கூரைதான் முதலில். கூரை ஒழுகினால் சுவரும் ஒயரிங்கும் சேர்ந்து கெடும். அப்புறம் ஒயரிங், அப்புறம் கழிப்பறை, பிறகு பூச்சு. தரை கடைசி. ஐப்பசி மழைக்கு முன் கூரை முடிய வேண்டுமானால் மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. ஆனால் சித்திரையில் கிணறு வற்றுகிற ஊராக இருந்தால் கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் லாரிச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லோரும் மறந்துவிடுகிற செலவு அது. சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய மதிப்பீட்டை வைத்துப் பேரம் பேசுகிற மேஸ்திரியிடம் இதை நினைவுபடுத்தலாம். பழைய வீட்டைப் பிரித்தால் கரையான் அரித்த சட்டங்கள் நிச்சயம் தெரியவரும், பத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் காரணத்தையும் கேளுங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படியும் பதில் வராவிட்டால் பட்டா நகல், ரேஷன் அட்டை, ஆதார், வீட்டின் இப்போதைய நிலையைக் காட்டும் படங்கள் ஆகியவற்றோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, எண் போட்ட ரசீதைக் கட்டாயம் வாங்கி வாருங்கள்.