ஜூரிச் பூதங்கள் பவுண்டை எப்படி ஆட்டிவைத்தன?

பழைய பொருளாதாரச் செய்திகளில் வரும் 'ஜூரிச் நோம்கள்' யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐரோப்பியக் கதைகளில் மண்ணுக்கடியில் புதையல் காக்கும் குள்ள பூதம்தான் நோம். பவுண்டைச் சரிப்பதாகப் பழி சுமத்தி, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர வங்கிக்காரர்களுக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர்கள். 1956லேயே ஹரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் இப்படிப் பேசினார். 1964 அக்டோபரில் அவர் பிரதமரானார்; அடுத்த மாதமே பவுண்டு ஆட்டம் கண்டது. அப்போது பொருளாதார விவகார அமைச்சர் ஜார்ஜ் பிரவுனும் அதையே சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று ஒரு பவுண்டு 2.80 டாலர் என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. 2.78க்கும் 2.82க்கும் இடையில்தான் அசையலாம். 2.78ஐத் தொட்டால் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தன் டாலர் கையிருப்பைக் கொடுத்துப் பவுண்டை வாங்கியே தீர வேண்டும்.

சூட்சுமமே இங்குதான். கையில் பவுண்டே இல்லாத ஒருவர், மூன்று மாதம் கழித்துத் தருவதாகச் சொல்லி, 10 லட்சம் பவுண்டை 2.78 டாலர் வீதம் விற்க ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அரசு மதிப்பை 2.40க்கு இறக்கினால், 24 லட்சம் டாலருக்குப் பவுண்டை வாங்கிக் கொடுத்து 27.8 லட்சம் டாலர் பெறுவார். லாபம் 3.8 லட்சம். சரி, கணிப்பு தப்பினால்? பவுண்டு எவ்வளவு ஏறினாலும் 2.82ஐத் தாண்டாது. நஷ்டம் மிஞ்சிப்போனால் 40 ஆயிரம். அந்த நஷ்டத்துக்கு வரம்பு கட்டிக் கொடுத்ததே அரசின் வாக்குறுதிதான்! விற்பவர்கள் பெருகப் பெருகக் கையிருப்பு கரையும். அது கரைவதைப் பார்த்து இன்னும் பலர் விற்க வருவார்கள்.

இதற்கு வங்கிக்காரர்கூட வேண்டியதில்லை. டாலரில் பணம் தர வேண்டிய பிரிட்டன் இறக்குமதியாளர் முன்கூட்டியே கட்டிவிடுவார். பவுண்டில் தர வேண்டிய வெளிநாட்டு வியாபாரி, விலை இறங்கட்டும் என்று தள்ளிப்போடுவார். இரண்டுமே பவுண்டை அழுத்தும்.

ஆகவே, பூதத்தின் மேல் பழி போட்டதை ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். இறக்குமதிக்குக் கொடுத்த அளவுக்குப் பிரிட்டன் ஏற்றுமதியில் சம்பாதிக்கவில்லை. மதிப்பைக் குறைப்பதில்லை என்று வில்சன் மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார். 1964 நவம்பரில் பல நாட்டு மத்திய வங்கிகள் 300 கோடி டாலர் கடனுதவி திரட்டித் தந்தும் நெருக்கடி திரும்பத் திரும்ப வந்தது. 1967 நவம்பர் 18 அன்று பவுண்டு 2.40க்கு இறங்கியது. சில நாட்களில், லண்டன் சந்தையில் தேயிலை விற்றுவந்த இலங்கையும் தன் ரூபாயின் மதிப்பை 20 சதவீதம் குறைத்தது.