எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலி: மார்பின் (morphine) மருந்தைக் கேட்கத் தயங்காதீர்கள்

பகலில் உட்கார்ந்திருக்கும்போது நோயாளிகள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள், ராத்திரி கட்டிலில் புரண்டு படுக்கும்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையை இறுக்கிப் பிடிப்பார்கள். புற்றுநோய் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று பக்கத்தில் இருக்கும் நாமும் விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை, அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற வலுவான வலி மருந்து இருக்கிறது.

1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையைப் பலர் வெறும் தடைச் சட்டமாகவே நினைக்கிறார்கள். ஆனால் அதன் முகப்புரையே, வலியைத் தணிக்க மார்பின் போன்ற போதை மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்கப் போதிய ஏற்பாடு வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் மார்பின் இருக்கிறது. ஆகவே மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் அது மருந்துதான், குற்றம் இல்லை.

எலும்பில் ஏன் இவ்வளவு வலி? புற்றுநோய்ச் செல்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு பலவீனமாகிறது, அதைப் போர்த்தியிருக்கும் நரம்பு நிறைந்த சவ்வும் இழுபடுகிறது. அதனால் மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். வலிக்கும் இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் நன்றாகக் கேட்கும். அதையும் பல நாள் அலையவிடாமல் ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது, "ஒரே தடவையில் முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம், முதல் சில நாள் வலி கூடவும் செய்யலாம், பயப்படாதீர்கள். எலும்பு அரிப்பைக் குறைக்கும் சோலெட்ரோனிக் அமில ஊசியும் உண்டு, அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்கும்.

மார்பினை வலி வந்த பிறகு தேடக்கூடாது. மருத்துவர் சொன்ன மணிக்கு, வலி இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும், இடையில் திடீரென்று வரும் வலிக்குக் கூடுதல் அளவு எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொண்டு மலமிளக்கியையும் அன்றே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் நீங்களாகவே அளவைக் குறைக்காதீர்கள், சட்டென்று நிறுத்தவும் கூடாது.

முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று அர்த்தம் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், தாமதித்தால் நடை திரும்பாமலே போய்விடலாம்.