ஈடேக் கடைசில அந்த "-13" எங்க இருந்து வந்துச்சு?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "அமேசான் எஸ்3ல போட்டு வச்ச 100 எம்பி பேக்கப்பை டவுன்லோட் பண்ணி எம்டி5 பாத்தேன், அங்க காட்டுற ஈடேகோட ஒத்தே போகல, கடைசில -13னு வேற ஒட்டிக்கிட்டு நிக்குது, பைல் கெட்டுப்போச்சா சார்?"

எஸ்3ங்கறது அமேசானோட கிளவுட் சேமிப்பு, ஈடேக்ங்கறது அங்க ஒவ்வொரு பைலுக்கும் காட்டுற அடையாளக் குறி. இத மட்டும் வச்சு கெட்டுப்போச்சுனு சொல்ல முடியாது. ஹேஷ்னா பைலோட உள்ளடக்கத்துல இருந்து கணக்குப் போட்டு எடுக்கிற கைரேகை மாதிரி, எம்டி5, ஷா-256 ரெண்டும் அதுக்கான முறைகள், எவ்வளவு பெரிய பைலா இருந்தாலும் எம்டி5 அத 16 பைட்டா சுருக்கித் தரும், ஷா-256 32 பைட்டா தரும், பைல்ல ஒரே ஒரு பிட்டு மாறினாலும் விடை தலைகீழா மாறிடும். சைஸ் சரியா இருக்கு, அப்ப பைலும் சரிதான்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு ராகுகாலம் பாத்து டவுன்லோட் பண்றதும் ஒண்ணுதான்.

சரி, -13க்கு வருவோம். அமேசானோட கமாண்ட் லைன் டூல் பெரிய பைலை முழுசா அனுப்பாது, நாம எதையும் மாத்தலன்னா 8 எம்பி துண்டா வெட்டித்தான் அனுப்பும். 100 எம்பினா 12 முழுத் துண்டு, மிச்சம் 4 எம்பிக்கு ஒண்ணு, ஆக 13. ஒரு துண்டு வழியில சொதப்பினா அத மட்டும் திரும்ப அனுப்பினா போதும்ல. இப்ப 13 துண்டுக்கும் தனித்தனி எம்டி5, அந்த 16 பைட்டுகளை வரிசையா ஒட்டினா 208 பைட், அந்த 208 பைட்டுக்கு மறுபடி ஒரு எம்டி5! ஈடேகா வர்றது அதுதான். உங்க பைலையும் 8 எம்பியா வெட்டி இதையே செஞ்சு பாருங்க, ஒத்துப்போகணும் (அமேசானோட சாவி சேவையான கேஎம்எஸ் வச்சு என்க்ரிப்ஷன் போட்டிருந்தா இந்தக் கணக்கு செல்லாது). ஒவ்வொரு 16 பைட்டும் ஸ்க்ரீன்ல 32 எழுத்தா தெரியும், அந்த எழுத்தை ஒட்டக்கூடாது, மூல பைட்டைத்தான் ஒட்டணும், முக்கால்வாசிப் பேர் மாட்டுறது இங்கதான். டிராப்பாக்ஸும் இதே கதைதான், 4 எம்பி துண்டு, ஷா-256.

துண்டோட ஹேஷ்களை வச்சே முழு பைலோட ஹேஷைக் கண்டுபிடிக்க முடியாதான்னா, எம்டி5ல முடியாது. சிஆர்சிங்கற இன்னொரு சரிபார்ப்பு முறைல முடியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சிஆர்சினா மொத்த பைலையும் 0, 1 மட்டும் கெழுவா வர்ற ஒரு ராட்சசப் பல்லுறுப்புக்கோவையா எடுத்து இன்னொண்ணால வகுத்து மீதியை வச்சுக்கிறது, அவ்வளவுதான். மீதிக்கு ஒரு குணம் உண்டு. 2315ஐ 7ஆல வகுக்கணும்னு வைங்க, 23க்கு மீதி 2, 15க்கு மீதி 1, ரெண்டாவது துண்டு ரெண்டு இலக்கம், அதனால முதல் மீதியை ரெண்டு இடம் தள்ளி 200, கூட அந்த 1, ஆக 201, அத வகுத்தா மீதி 5. நேரா 2315ஐ வகுத்தாலும் 5தான்! பைலைத் தொடவே இல்ல, மீதியும் நீளமும் மட்டும் வச்சே முடிஞ்சிருச்சு. சின்னச் சின்னத் திருத்தம் தவிர சிஆர்சியும் இப்படியே ஒட்டும். கூகுள் கிளவுட்ல பல துண்டைச் சேர்த்து உண்டாக்கின பைலுக்கு எம்டி5 இருக்காது, சிஆர்சி32சிங்கற ஒரு வகை சிஆர்சி மட்டும் இருக்கும், காரணம் புரியுதா?

இதுக்கு அடியில இருக்கிற இயற்கணிதம் 1832ல 20 வயசுலயே செத்துப்போன பிரெஞ்சுக் கணித மேதை கால்வா போட்ட விதை, சிஆர்சியா வந்தது 1961ல. தூய கணிதத்துக்கு எதுக்குக் காசுனு கேக்கிறவங்க அந்த இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப் பாக்கட்டும்.

ஆனா சிஆர்சி தற்செயல் பிழையைத்தான் பிடிக்கும், வேணும்னே மாத்துறவனுக்கு அத ஏமாத்துறது சுலபம். எம்டி5யும் 2004லயே உடைஞ்சாச்சு, ஒரே எம்டி5 வர்ற மாதிரி ரெண்டு வேற வேற டேட்டாவை உண்டாக்கிக் காட்டிட்டாங்க. 2016ல லினக்ஸ் மின்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட வெப்சைட்டுக்குள்ள ஹேக்கர்கள் புகுந்து டவுன்லோட் லிங்க்கையே திருட்டு ஐஎஸ்ஓவுக்கு (இன்ஸ்டால் பண்ற பைலுக்கு) திருப்பி விட்டாங்க, அந்த மாதிரி நேரத்துல அதே பக்கத்துல இருக்கிற ஹேஷையும் நம்ப முடியாது. அதனால அப்லோடுக்கு முன்னாடியே உங்க மெஷின்லயே ஷா-256 எடுத்து (லினக்ஸ்ல ஷா256சம், விண்டோஸ்ல சர்ட்யூடில்) கிளவுட்ல இல்லாத ஒரு இடத்துல எழுதி வைங்க, டவுன்லோட் பண்ணினதும் அதோட ஒப்பிடுங்க, ஈடேக் என்ன சொன்னா என்ன.