கடினக் கிருமியா, வித்திக் கிருமியா?

போன கிழமை மாமியைப் பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரி வாட்டுச் சுவரில் ஓர் அறிவித்தல்: 'கடினக் கிருமி பற்றி விழிப்பாயிருப்போம்'. மாமி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கல்லு மாதிரியோ தம்பி இருக்கும்?" என்று கேட்டார். இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாம் தடவை.

சொல்ல வந்தது குளொஸ்ட்ரிடியோயிடெஸ் டிஃபிசில் என்ற பக்டீரியாவை. முற்பாதி, நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பாதி இலத்தீன்: 'கடினமானது'. சரி, அகராதிப்படி பிழையில்லை. ஆனால் யாருக்குக் கடினம்? 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டவர்கள், ஆய்வுகூடத்தில் அதை வளர்த்தெடுப்பதற்குத் தாங்கள் பட்ட பாட்டைத்தான் பெயராக வைத்தார்கள். அந்தப் பாடு நோயாளிக்கு எதற்கு? தமிழில் கடினம் என்றால் ஒன்றில் கல், இல்லாவிட்டால் கணக்குப் பாடம். 'கொடுங்கிருமி' என்போரும் உண்டு. அது பயத்தைத் தரும், வேறொன்றும் தராது. கேட்டால் 'நேர்த் தமிழாக்கம்' என்பார்கள். நிலாவெளிக் கடலில் நாங்கள் புறாமலை என்று சொல்லிவந்த தீவை ஆங்கிலத்தைப் பார்த்துப் 'புறாத்தீவு' என்று எழுதுவதும் இதே நேர்மைதான்.

என் தெரிவு 'குடல் வித்திக் கிருமி'. வித்தி (spore) என்பது கிருமி தடித்த ஓட்டுக்குள் அடங்கி உறங்கும் நிலை; பள்ளிக்கூடத்தில் பன்னத்தோடு படித்த சொல். ஏற்புவலிக் கிருமியும் வித்தி உண்டாக்குமே என்று ஒரு நண்பர் மடக்கினார். அதனால்தான் 'குடல்'.

விஷயமே வித்தியில்தான் இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து குடலின் நல்ல பக்டீரியாக்களையும் அழித்துவிட, அந்த இடைவெளியில் இது பெருகி வயிற்றோட்டத்தைத் தருகிறது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. மலத்தோடு வெளியேறும் வித்தி கட்டில் கம்பியிலும் குழாய்த் திருகியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். அற்ககோல் பூசினால் சாகாது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிப் போக்க வேண்டும். அந்த அறிவித்தலுக்கு நேர் கீழே தொங்கியது அற்ககோல் போத்தல்!

மாமியிடம் வித்தி என்றேன். தம்பலகாமத்து வயல்காரி அவர். "நெல்லு வித்து மாதிரியோ? காய்ஞ்சு கிடந்து, இடம் கண்டா முளைக்கும்?"

ஓம் என்றேன். அலுமாரியைத் திறந்து சவர்க்காரப் பெட்டியை எடுத்து என் கையில் தந்தார்.